மழைக்காலம் வருகிறது: உங்கள் பிக்-அப்பின் டீசல் பில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

குளுவாங்: கடந்த மழைக்காலத்தில் ஒரு காலை, பக்கத்து வீட்டு அத்தையை டயாலிசிஸ் சிகிச்சைக்கு ஏற்றிக்கொண்டு அப்பா பிக்-அப்பில் புறப்பட்டார். தோட்டத்துச் செம்மண் சாலையின் ஏற்றத்தில் வண்டி இரண்டு முறை குலுங்கியது. பிறகு நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தார், எஞ்சின் சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து வேறொரு வண்டி கிடைத்து, அத்தை தாமதமாகத்தான் மருத்துவமனை போய்ச் சேர்ந்தார்.

மாலையில் பட்டறைக்காரர் டீசல் பில்டரைக் கழற்றி, அதிலிருந்ததை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றினார். மேலே டீசல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்பு நிறத் தண்ணீர்.

"அங்கிள், இதைக் கடைசியா எப்போ மாத்துனீங்க?"

"எஞ்சின் ஆயில் தவறாம மாத்துறேனே தம்பி" என்றார் அப்பா.

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் எஞ்சின் ஆயில் பில்டர் வேறு, டீசல் பில்டர் வேறு. தோட்டங்களிலும் சிறுநகரங்களிலும் பிக்-அப் வைத்திருக்கும் நம்மவர்களில் பலர் முதலாவதை மறப்பதில்லை, இரண்டாவதை நினைப்பதே இல்லை. வடகிழக்குப் பருவமழை நெருங்கும் இந்த நேரத்தில், அந்த இரண்டாவது பில்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி மாற்றுவது என்று பார்ப்போம்.

பில்டர் என்ன செய்கிறது?

எண்ணெய் டாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் டீசல் முழுவதும் இந்தப் பில்டர் வழியாகத்தான் போக வேண்டும். அதற்கு இரண்டு வேலைகள். ஒன்று, தூசி, துரு, மண் ஆகியவற்றைத் தடுப்பது. மற்றொன்று, டீசலில் கலந்த தண்ணீரைப் பிரித்து அடிக்கிண்ணத்தில் சேர்ப்பது. டீசலை விடத் தண்ணீர் கனமானது என்பதால் அது கீழே தங்கிவிடும்.

இப்போதைய பிக்-அப்களில் பெரும்பாலானவை 'காமன் ரெயில்' எனப்படும் முறையில் இயங்குகின்றன. டொயோட்டா ஹைலக்ஸ், இசூசு டி-மேக்ஸ், மிட்சுபிஷி டிரைட்டன், நிசான் நவாரா, ஃபோர்டு ரேஞ்சர் என எதை எடுத்தாலும் இதே கதைதான். இம்முறையில் உயர் அழுத்தப் பம்ப் டீசலை 1,600 முதல் 2,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குத் தள்ளுகிறது. ஒரு கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் இரண்டரை பாரை ஒட்டியது என்பதோடு ஒப்பிட்டால் இதன் வேகம் புரியும்.

அந்த அழுத்தத்தில் பாயும் டீசலோடு ஒரு மணல் துகள் போனால், அது இன்ஜெக்டரின் நுண்ணிய துளைகளை அரித்துவிடும். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோன். இந்த வண்டிகளுக்கான பில்டர் 5 மைக்ரோன் அளவுத் துகளையும், அதைவிடச் சிறியதையும் பிடிக்க வேண்டியிருக்கிறது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் டீசல் இன்ஜெக்டருக்குச் சுத்தமானதல்ல.

தண்ணீரின் கதை இன்னும் மோசம். பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் வழுவழுப்பைக் கொடுப்பது டீசல்தான். அங்கே தண்ணீர் புகுந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும், துருவும் பிடிக்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பு வழுவழுப்பான கசடாக மாறுவதும் உண்டு. அந்தக் கசடு பில்டரை மிக விரைவில் அடைத்துவிடும்.

ஜொகூரில் ஏன் கூடுதல் கவனம்?

முதல் காரணம் மழையும் ஈரமும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் வட்டாரங்கள் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. 2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங், சிகாமட் பக்கம் மீண்டும் வெள்ளம். வெள்ள நீரில் ஓடிய வண்டியின் டாங்கியில் தண்ணீர் புக வாய்ப்புண்டு. வெள்ளமே வராவிட்டாலும், பாதி காலியாக இருக்கும் டாங்கியின் உள்சுவரில் இரவுக் குளிரில் ஈரம் படிந்து டீசலில் சொட்டும்.

இரண்டாவது காரணம் நமது டீசலே. நாட்டின் போக்குவரத்துத் துறைக்கு 2019 பிப்ரவரி 1 முதல் பி10 கட்டாயமானது. அதாவது 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து பெறப்பட்ட பயோடீசல். நம் தோட்டங்களில் அறுவடையாகும் குலைதான் ஒரு சுற்றுச் சுற்றி நமது டாங்கிக்கே வருகிறது. பயோடீசல் நல்ல எரிபொருள்தான். எஞ்சினுக்கு வழுவழுப்பும் தருகிறது. ஆனால் அது சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பழைய டாங்கியின் அடியில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடையும் கரைத்துக் கிளப்பிவிடும். அப்படிக் கிளம்பும் கசடு முதலில் போய்ச் சேரும் இடம் பில்டர்தான். நீண்ட காலம் ஓடாமல் நிறுத்தி வைத்த பழைய வண்டியை மீண்டும் ஓட்டத் தொடங்கும்போது பில்டர் சீக்கிரம் அடைபடுவதற்கும் இதுவே காரணமாகலாம்.

2021 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் யூரோ 5 டீசலுக்கு மாறிவிட்டோம். இதில் கந்தக அளவு ஒரு மில்லியனுக்கு 10 பங்கு மட்டுமே. பழைய யூரோ 2எம் டீசலில் அது 500 பங்கு வரை அனுமதிக்கப்பட்டிருந்தது. ஆனால் கந்தகம் குறைந்த டீசல் என்றால் தண்ணீர் இல்லாத டீசல் என்று அர்த்தமில்லை.

மூன்றாவது காரணம் விலை. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னாக உயர்ந்தது. தகுதி பெற்றவர்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் அப்போது மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை அறிவிக்கப்பட்டாலும், சாலையோரத்தில் டிரம்மில் மலிவாகக் கிடைக்கும் டீசலில் கை வைக்கச் சிலருக்கு ஆசை வரலாம். எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் எந்த டிரம்மில் கிடந்தது என்று தெரியாத டீசல் அது. லிட்டருக்குச் சில காசு மிச்சப்படுத்தப் போய், இன்ஜெக்டருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க நேரலாம். சட்டச் சிக்கல் தனி.

மாற்ற வேண்டிய நேரம் எது?

பெரும்பாலான வண்டிகளின் கையேடுகள் 20,000 முதல் 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்கின்றன. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே உங்களுக்கு இறுதியானது. ஆனால் அதே கையேட்டில் 'கடுமையான பயன்பாடு' என்ற பகுதியையும் பாருங்கள். தூசி நிறைந்த செம்மண் சாலை, அதிகச் சுமை, குறுகிய தூர ஓட்டம் ஆகியவை அதில் வரும். செம்பனைக் குலை ஏற்றும் பிக்-அப்புக்கு இதைவிடப் பொருத்தமான வர்ணனை கிடையாது. அப்படி ஓடும் வண்டிக்குக் கையேட்டில் சொல்லப்பட்ட தூரத்தில் பாதியிலேயே மாற்றுவது நல்லது. அதிகம் ஓடாத வண்டியாக இருந்தால் கிலோமீட்டரைப் பார்க்காமல் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

அதற்கு முன்பே வண்டி சில அறிகுறிகளைக் காட்டும்:

• ஏற்றத்திலும் சுமையோடும் இழுவை குறைதல். சமதளத்தில் நன்றாக ஓடும்.

• காலையில் ஸ்டார்ட் ஆக வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தல்.

• வேகமெடுக்கும்போது திக்கித் திக்கிப் போதல், நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடுதல்.

• டாஷ்போர்டில் பில்டர் படத்தோடு நீர்த்துளி போன்ற விளக்கு எரிதல்.

கடைசி அறிகுறியை ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள். அது அடிக்கிண்ணம் தண்ணீரால் நிறைந்துவிட்டது என்பதற்கான எச்சரிக்கை. 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓட்டினால் அந்தத் தண்ணீர் பம்புக்குள் போய்விடும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தித் தண்ணீரை வடித்துவிட்டே கிளம்புங்கள். மற்ற அறிகுறிகளுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் செலவு குறைந்த சோதனை பில்டர்தான் என்பதால் அதிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம்.

எந்தப் பில்டரை வாங்குவது?

ஸ்பேர் பார்ட் கடையில் 'ஹைலக்ஸ் பில்டர் ஒன்று' என்று மட்டும் கேட்காதீர்கள். ஹைலக்ஸ் என்ற ஒரே பெயரில் பல எஞ்சின்கள் வந்துள்ளன. 2.5, 3.0 லிட்டர் எஞ்சின்கள் ஒரு தலைமுறை, பின்னால் வந்த 2.4, 2.8 லிட்டர் எஞ்சின்கள் வேறொரு தலைமுறை. மற்ற வண்டிகளிலும் அப்படித்தான். கிராண்டில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் கைப்பேசியில் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பழைய பில்டரின் மேல் அச்சிட்ட பாக எண்ணையும் ஒப்பிடலாம். ஆனால் பழையது முன்பே தவறாகப் போடப்பட்டதாக இருக்கலாம் என்பதால் சேசிஸ் எண்ணே நம்பகமானது.

கடையில் கிடைப்பவை பொதுவாக மூன்று வகை. ஒன்று, வண்டி நிறுவனத்தின் பெயரில் வரும் அசல். இரண்டு, டென்சோ, போஷ், சக்குரா போன்ற பெயர் பெற்ற பில்டர் தயாரிப்பாளர்களின் பொருள். மூன்று, பெயர் தெரியாத மலிவு ரகம். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டிக்கு அசலைப் போட்டு ரசீதையும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. உத்தரவாதம் முடிந்த வண்டிக்கு, உங்கள் எஞ்சினுக்கென்றே குறிப்பிடப்பட்ட இரண்டாம் வகை போதுமானது. மூன்றாவதைத் தவிருங்கள். மரையும் அளவும் பொருந்திவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் காகிதம் எத்தனை மைக்ரோன் பிடிக்கும், தண்ணீரைப் பிரிக்குமா என்பது வெளியே தெரியாது. பழைய வகை எஞ்சினுக்கான பில்டர் காமன் ரெயில் எஞ்சினுக்குப் போதாது.

போலிகளும் சந்தையில் உண்டு. வாங்கும்போது இவற்றைக் கவனியுங்கள்:

• பெட்டியிலும் பில்டரிலும் உள்ள பாக எண் ஒன்றாக இருக்க வேண்டும். அச்சு மங்கியோ எழுத்துப் பிழையோடோ இருந்தால் வேண்டாம்.

• உள்ளே மடிப்புகள் ஒரே சீராக, இடைவெளி ஒழுங்காக இருக்க வேண்டும். பசை வழிந்திருக்கக் கூடாது.

• புதிய ரப்பர் வளையம் உடன் வர வேண்டும்.

• விலை மற்ற கடைகளில் பாதியாக இருந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

ரசீது கேட்டு வாங்குங்கள். போலிப் பொருள் என்று தெரிந்தால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். 2011 வாணிப விவரிப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றம். சொந்த அல்லது வீட்டுப் பயன்பாட்டுக்கு வாங்கிய பொருளென்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை வழக்கறிஞர் இல்லாமலேயே இழப்பீடு கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. ரசீது இல்லாமல் இவை எதுவும் எளிதல்ல.

நீங்களே மாற்றுவது எப்படி?

ஓரளவு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் இதை வீட்டிலேயே செய்யலாம். பில்டர்களில் இரண்டு வகை உண்டு. டப்பா போல முழுதாகத் திருகிப் போடுவது ஒன்று. கிண்ணத்துக்குள் காகிதப் பகுதியை மட்டும் மாற்றுவது மற்றொன்று. அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே.

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறும் வரை காத்திருங்கள். அருகில் சிகரெட், தீ கூடாது. கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள்.

2. பில்டரின் வெளிப்புறத்தையும் சுற்றுப்புறத்தையும் முதலில் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். திறந்த பிறகு ஒரு சிட்டிகை செம்மண் உள்ளே விழுந்தாலும் இத்தனை பாடும் வீண்.

3. கீழே ஒரு பாத்திரம் வையுங்கள். தண்ணீர் சென்சாரின் வயரைக் கழற்றுங்கள். வடிகால் திருகைச் சற்றுத் தளர்த்தி உள்ளிருப்பதை வடியுங்கள்.

4. பில்டர் ரெஞ்சால் கழற்றுங்கள். பிளையரால் நசுக்காதீர்கள், சென்சாரும் கிண்ணமும் உடைந்துவிடும்.

5. பழைய பில்டரில் உள்ளதைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிச் சிறிது நேரம் வையுங்கள். அடியில் தண்ணீர் அதிகமிருந்தால் டாங்கியையே சுத்தம் செய்ய வேண்டும். வெயிலில் மின்னும் உலோகத் தூள் தெரிந்தால் மேற்கொண்டு ஓட்டாமல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பம்ப் தேய்கிறது என்பதற்கான அடையாளமாக அது இருக்கலாம்.

6. கிண்ணத்தைச் சுத்தமான டீசலால் கழுவி, நூல் உதிராத துணியால் துடையுங்கள். தண்ணீரும் டிஷ்யூ தாளும் வேண்டாம்.

7. பழைய ரப்பர் வளையத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். பழையது மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம், தடவிப் பாருங்கள். புதிய வளையத்தில் சிறிது சுத்தமான டீசலைத் தடவுங்கள். சென்சாரைப் பழையதிலிருந்து கழற்றி மாட்டுங்கள்.

8. கையால் இறுக்கி, பிறகு பில்டரில் அச்சிட்டுள்ள அளவுக்கு மட்டும் திருகுங்கள். மிகையாக இறுக்கினால் வளையம் நசுங்கிக் கசியும்.

9. இப்போது உள்ளே காற்று நிறைந்திருக்கும். பில்டரின் மேலுள்ள கைப்பம்பை அது கெட்டியாகும் வரை அழுத்துங்கள். கைப்பம்பு இல்லாத வண்டிகளில் மின்பம்பு இருக்கும். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை 'ஆன்' நிலையில் வைத்து அணைப்பதைச் சில முறை திரும்பச் செய்யுங்கள்.

10. ஸ்டார்ட் செய்யுங்கள். பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாதீர்கள். இடைவெளி விட்டு முயலுங்கள். பிடித்ததும் சில நிமிடம் நின்ற நிலையில் ஓடவிட்டுக் கசிவு பாருங்கள். மறுநாளும் ஒரு முறை பாருங்கள்.

செய்யக் கூடாத மூன்று

புதிய பில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பிப் போடும் பழக்கம் பழைய எஞ்சின் காலத்தது. காமன் ரெயில் வண்டிக்கு அது ஆபத்து. நீங்கள் ஊற்றும் டீசல் வடிகட்டப்படாமலேயே நேரே பம்புக்குப் போகலாம்.

காற்றை எடுப்பதற்காக இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்துவதும் பழைய வழக்கமே. இன்றைய அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கையையே இழக்க நேரலாம்.

பழைய பில்டரைக் கழுவிக் காற்றடித்துத் திரும்பப் போடுவது மூன்றாவது தவறு. காற்றடித்தால் காகிதம் கிழியும், கண்ணுக்குத் தெரியாது.

மழைக்காலப் பழக்கங்கள்

மாதத்துக்கு ஒரு முறை வடிகால் திருகைத் திறந்து சிறிது டீசலைப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் வந்தால், சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிட்டுத் திருகை மூடுங்கள். டாங்கியைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். டாங்கி மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். வெள்ள நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். இழுத்துப் போய் டாங்கியையும் பில்டரையும் பார்த்த பிறகே சாவியைத் தொடுங்கள்.

தோட்டத்தில் பொது டாங்கியிலிருந்து எண்ணெய் பிடிப்பவர்கள், அந்த டாங்கியின் அடித் தண்ணீர் எப்போது வடிக்கப்பட்டது என்று கேளுங்கள். லோரி வந்து டாங்கியை நிரப்பிய உடனே பிடிக்காமல், கசடு அடங்கும்வரை காத்திருப்பது நல்லது. எந்நேரமும் செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்குத் தனியாக ஒரு தண்ணீர்ப் பிரிப்பானை முன்னால் பொருத்தலாம். ஆனால் தெரிந்த மெக்கானிக்கிடம் செய்யுங்கள். இணைப்பில் காற்று இழுத்தால் பழைய நோய் போய்ப் புதிய நோய் வரும்.

கழற்றிய பில்டரையும் வடித்த டீசலையும் ஓடையிலோ செம்பனை வரிசையிலோ வீசாதீர்கள். எண்ணெய் ஊறிய பில்டரும் துணியும் பட்டறைகளுக்கு, 2005 அட்டவணைக் கழிவு விதிமுறைகளின் கீழ் வரும் கழிவு. வீட்டில் மாற்றியவர்கள் மூடிய போத்தலிலும் பையிலும் போட்டு, அதை ஏற்றுக்கொள்ளும் பட்டறையிடம் கொடுத்துவிடுங்கள்.

கணக்குப் பார்த்தால்

ஒரு பில்டரின் விலை பத்துகளில் முடியும். ஒரு பிக்-அப்பின் நான்கு இன்ஜெக்டரும் பம்பும் போனால் செலவு ஆயிரங்களில். குலை ஏற்றாமல் வண்டி நிற்கும் நாள்களின் நட்டத்தை இதில் சேர்க்கவில்லை. ஏற்றத்தில் மழையில் நின்ற வண்டிக்குள், மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தையின் கவலைக்கும் விலை போட முடியாது.

அப்பா இப்போது ஒரு சிறு தாளில் பில்டர் மாற்றிய தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் எழுதிக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். எஞ்சின் ஆயில் மாற்றிய தாளுக்குப் பக்கத்திலேயே. உங்கள் வண்டியில் அந்த இரண்டாவது தாள் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வார இறுதியில் பானட்டைத் திறந்து பாருங்கள்.